முதல் பிரெஞ்சு நுவார் எது? டெலோன் கொஞ்சம் காத்திருக்கட்டும்

பிரெஞ்சு நுவார், அதாவது இருட்டும் குற்றமும் கலந்த பிரெஞ்சுப் படங்கள் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "ஒரே ஒரு படம் சொல்லுங்க, அதுல இருந்து ஆரம்பிச்சுக்கறேன்." பதில் பெரும்பாலும் 'லெ சாமுராய்' என்றே வரும். மழைக்கோட்டு, தொப்பி, சாம்பல் நிற அறை, கூண்டுக்குள் ஒரு குருவி, வாயே திறக்காத அலேன் டெலோன். போஸ்டரைப் பார்த்தாலே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள். நல்ல படம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் முதல் படமாக அதைப் போட்டு, "ரொம்ப மெதுவா போகுதுப்பா" என்று பாதியில் எழுந்தவர்கள் பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அந்தச் சேதாரத்தைத் தவிர்க்கத்தான் இந்த ஒப்பீடு.

ஐந்து படங்களை எடுத்துக்கொள்கிறேன். மார்செல் கார்னேயின் 'லெ ஜூர் ஸெ லேவ்' (1939), ழாக் பெக்கரின் 'துஷே பா ஓ கிரிஸ்பி' (1954), ஜூல்ஸ் டாஸினின் 'ரிஃபிஃபி' (1955), லூயி மாலின் 'எலிவேட்டர் டு த கேலோஸ்' (1958, பிரெஞ்சுப் பெயர் நாக்கைச் சுளுக்கும், இந்த ஆங்கிலப் பெயரில் தேடினால் கிடைத்துவிடும்), ழான்-பியேர் மெல்வில்லின் 'லெ சாமுராய்' (1967). கொதாரின் 'பிரெத்லெஸ்', த்ரூஃபோவின் 'ஷூட் த பியானோ பிளேயர்' இரண்டையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவை நுவாரை வைத்து விளையாடுகிற படங்கள். ஆட்டத்தின் விதி தெரியாதவருக்கு அதை மீறுவதில் உள்ள குறும்பு எப்படிப் புரியும்?

அந்த விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட் நுவார் பார்த்துப் பழகிய கண்ணோடு போனால் இங்கே சில சாமான்கள் காணாமல் போயிருக்கும். பின்னணியில் குரல் கொடுத்துக் கதை சொல்லும் தனியார் துப்பறிவாளர் அநேகமாக இல்லை. ஆணைக் கவிழ்க்கும் மாயக்காரி பல படங்களில் ஓரமாகத்தான் நிற்கிறாள். 1950களின் படங்களில் கதை நடப்பதே குற்றவாளிகளின் வீட்டுக்குள். பாரிஸின் பிகால், மோன்மார்த் பகுதி இரவு விடுதிகள், அவற்றை நடத்துகிற பெரிய கைகள், அவர்களுக்குள் ஒரு மரியாதை, ஒரு எழுதாத சட்டம். போலீஸ் என்பது வெளியிலிருந்து வந்துபோகிற ஆள். நாயகனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ஒதுங்கிக்கொள்வதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு காரியம். அந்தக் காரியம் பெரும்பாலும் கச்சிதமாக முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் எல்லாம் கெடும். யாரோ ஒருவர் யாரிடமோ வாயை விட்டிருப்பார்.

அந்த 'யார் காட்டிக்கொடுத்தது' என்ற கேள்வி இந்தப் படங்களில் இவ்வளவு வலுவாக ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1940 முதல் 1944 வரை பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதம் எழுதுவது அப்போது சர்வசாதாரணம். அந்த நடுவிலேயே, 1943இல், ஆன்ரி-ழோர்ழ் குளூஸோ மொட்டைக் கடிதங்களால் சீரழியும் ஒரு சிற்றூரை வைத்து 'லெ கோர்போ' எடுத்தார். ஜெர்மானியப் பணத்தில் நடந்த கான்டினென்டல் நிறுவனத்துக்காக எடுத்தார் என்பதால், விடுதலைக்குப் பின் அவருக்கே சில ஆண்டுகள் படமெடுக்கத் தடை. மெல்வில் ஜெர்மானியருக்கு எதிரான ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். மெல்வில் என்பதே அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட பெயர், பிறப்பால் அவர் குரும்பாக். போருக்குப் பின் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று நாடு வாய்விட்டுப் பேசத் தயங்கிய காலத்தில், தாதா படங்கள் அதையே துப்பாக்கியும் தொப்பியும் மாட்டிப் பேசின என்பது என் எண்ணம். அறைக்குள் ஒருவனைக் கட்டிவைத்து அடித்து உண்மையைக் கறக்கும் காட்சி இந்தப் படங்களில் வரும்போதெல்லாம், பாரிஸ் பார்வையாளருக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய வேறு அறைகள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

ஆக, முதல் படத்துக்கு என் முதல் அளவுகோல் இது: ஒருவன் தன் நண்பனுக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்ற கேள்வி நமக்கு உறைக்க வேண்டும். மற்றவை நடைமுறைச் சமாசாரங்கள். சப்டைட்டில் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும், எவ்வளவு நேரம் ஓடும், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது யார்.

கால வரிசைப்படி போகிறவர்கள் 'லெ ஜூர் ஸெ லேவ்'விலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரப் படம். ஒரு தொழிலாளி தன் மாடி அறையில் ஒருவனைச் சுட்டுவிட்டு, அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, சிகரெட் சிகரெட்டாக ஊதிக்கொண்டு ராத்திரி முழுக்க உள்ளேயே இருக்கிறான். கீழே போலீஸும் ஊரும் கூடி நிற்கிறது. எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்பது அவன் நினைவுகளாக விரிகிறது. வசனம் கவிஞர் ழாக் பிரெவெர். அந்த ஒல்லி உயரக் கட்டடத்தை அலெக்சாந்தர் த்ரோனர் ஸ்டுடியோவில் கட்டினார். அதன் உச்சியில் ஒற்றை ஜன்னலில் ழான் கபேன் நிற்கும் காட்சியை மறக்க முடியாது. போர்க்காலத்தில் ஜெர்மானியரோடு ஒத்துப்போன விஷி அரசு இந்தப் படத்தைத் தடை செய்தது, மக்களின் மன உறுதியைக் குலைக்கிறதாம். 2014இல் நன்றாகச் சீரமைத்த பிரதியும் வந்திருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் முதல் படமாக வேண்டாம். பிரெவெரின் வசனம் பிரெஞ்சில் காதில் விழ வேண்டிய சரக்கு. சப்டைட்டிலில் பாதி நாடக வசனமாக நிற்கும். இங்கே நாயகனை அழிப்பது விதியும் காதலும்தான், துரோகம் இன்னும் கதைக்குள் முழுசாக வந்து சேரவில்லை. ஆனால் ஒன்று. இந்த 1939 கபேனின் முகத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு 1954 கபேன் இரட்டிப்பாக வலிக்கும். அதற்கு வருகிறேன்.

'லெ சாமுராய்' ஏன் முதல் படமாக ஆகாது? முதல் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை என்பது காரணமே இல்லை. அந்தப் பத்து நிமிடம் அற்புதம். டெலோன் படுக்கையில் கிடக்கிறார், சிகரெட் புகை மட்டும் தெரிகிறது. எழுந்து கண்ணாடி முன் தொப்பியின் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவிச் சரிசெய்கிறார். தெருவில் நிற்கும் யாருடையதோ சிட்ரோயன் காரில் ஏறி, பெரிய வளையம் நிறையக் கோர்த்த சாவிகளைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். பதற்றமே இல்லை. ஒளிப்பதிவு ஆன்ரி தெக்காயே. வண்ணப் படம்தான், ஆனால் வண்ணத்தைப் பிழிந்து வடித்துவிட்டு நீலமும் சாம்பலும் மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். படம் தொடங்கும்போது, சாமுராய்களின் நெறியான புஷிடோ பற்றிய நூலிலிருந்து என்று ஒரு மேற்கோள் வரும், சாமுராயின் தனிமையைக் காட்டுப் புலியின் தனிமையோடு ஒப்பிட்டு. அது எந்த நூலிலும் இல்லை, மெல்வில்லே எழுதியது. அந்தக் குறும்புக்காகவே மனிதரைப் பிடித்துப்போகும்.

சிக்கல் வேறு. ழெஃப் கோஸ்டெல்லோ என்ற அந்த வாடகைக் கொலைகாரனுக்கு நண்பன் கிடையாது. காட்டிக்கொடுக்க ஒரு கூட்டம் வேண்டும், அவனுக்குக் கூட்டமே இல்லை. கடமை, சடங்கு, சட்டம் எல்லாம் இருக்கின்றன, ஆனால் யாருக்காக என்பது கழற்றப்பட்டுவிட்டது. முப்பது வருடப் பிரெஞ்சுக் குற்றப்படத்தைச் சுண்டக் காய்ச்சி அடியில் தங்கியதைத் தட்டில் வைத்தால் அது 'லெ சாமுராய்'. பாலைக் குடித்திராதவருக்குத் திரட்டுப்பாலைக் கொடுத்தால் இனிப்பு மட்டும்தான் தெரியும். அப்படி வெறும் ஸ்டைலாகவே அதை எடுத்துக்கொண்டு, கோட்டும் தொப்பியும் மௌனமுமாக நகலெடுத்த படங்கள் உலகம் முழுக்க எத்தனையோ. ஜான் வூவின் 'த கில்லர்' (1989), ஜிம் ஜார்முஷின் 'கோஸ்ட் டாக்' (1999) மாதிரி அதை உள்வாங்கி வேறொன்றாக மாற்றியவை சில. முன்னால் வந்த படங்களைப் பார்த்துவிட்டு 'லெ சாமுராய்'க்குப் போனால், திரையில் இல்லாதது என்னென்ன என்று தெரியும். பாதி ரசனை அந்த இல்லாமையில்தான் இருக்கிறது.

'எலிவேட்டர் டு த கேலோஸ்' பற்றி எனக்கு எப்போதும் இரண்டு மனசு. மைல்ஸ் டேவிஸின் இசைக்காகவே இதை முதல் படமாகச் சிபாரிசு செய்யலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது. 1957 டிசம்பர் 4 இரவு ஆரம்பித்து விடியும்வரை பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில், திரையில் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே டேவிஸும் நான்கு இசைக் கலைஞர்களும் வாசித்த இசை அது. முழுசாக எழுதிவைத்த இசைக்குறிப்பு எதுவும் இல்லை. வர வேண்டிய காதலன் வராமல், ராத்திரி பூராவும் ஷான்ஸ் எலிஸே தெருவில் ழான் மோரோ நடக்கிறார். தெக்காயே அப்போது வந்திருந்த வேகமான ஃபிலிமை நம்பி, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கடை ஜன்னல்களின் வெளிச்சத்திலேயே எடுத்தார். மேக்கப் கிடையாது. லேப் ஆட்கள் இந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, ஒரு நடிகையை இப்படியா காட்டுவது என்று முரண்டு பிடித்தார்களாம். சோர்வும் கண்ணடி நிழலுமாக அந்த முகம் கடந்துபோகும்போது, ஸ்டுடியோ வெளிச்சத்தில் வளர்ந்த நுவார் தெருவுக்கு இறங்கிவிட்டது கண்கூடாகத் தெரியும். படம் எடுத்தபோது லூயி மாலுக்கு வயது இருபத்தைந்துதான்.

கதையும் சூட்சுமமானது. காதலியின் கணவனைக் கொன்றுவிட்டு வெளியே வந்த ஜூலியன், கட்டிய கயிறு பால்கனியில் தொங்குவதைத் தெருவிலிருந்து பார்க்கிறான். எடுத்துவரத் திரும்பிப் போகும்போது காவலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். லிஃப்ட் பாதியில் நிற்கிறது. கொன்றவன் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போர் செய்த முன்னாள் ராணுவ அதிகாரி. செத்தவன் ஆயுத வியாபாரி. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் இந்த ஒரு விவரமே போதும், மேற்கொண்டு பிரசங்கம் எதற்கு? காதலர்கள் இருவரும் படம் முழுக்க ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பதே இல்லை; ஆரம்பத்தில் போனில் பேசிக்கொள்வதோடு சரி. அதையும் கவனியுங்கள்.

ஆனால் ஜூலியனுடைய காரைத் திருடிக்கொண்டு ஒரு மோட்டலுக்குப் போகும் இளஞ்ஜோடி வரும்போதெல்லாம் படம் தொய்கிறது. லிஃப்டுக்குள் இருப்பவனுக்கும் தெருவில் நடப்பவளுக்கும் நடுவே அந்த மோட்டல் கதை ஒட்டுப்போட்ட துணி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பெண் பாத்திரம் மையத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் மற்ற நான்கிலும் அந்த விஷயத்தில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அல்லது பட்டியலுக்கு வெளியே போய், குளூஸோவின் 'கே தெ ஓர்ஃபேவ்ர்' (1947) பார்க்கச் சொல்வேன். அதில் பாடகி ஜென்னியும், அவளை வாய்விட்டுச் சொல்லாமல் நேசிக்கும் புகைப்படக்காரி தோராவும், அலுத்துப்போன இன்ஸ்பெக்டராக லூயி ழூவேயும் வருகிற ஒவ்வொரு காட்சியும் உயிரோடு இருக்கும்.

மிச்சம் இரண்டு. போட்டியே இவற்றுக்கு நடுவில்தான்.

'ரிஃபிஃபி' இரண்டு மணி நேரம் ஓடும். எடுத்தவர் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் சக இயக்குநர்கள் பெயர் சொன்னதால் ஹாலிவுட் கதவடைத்து, ஐரோப்பாவில் வேலையில்லாமல் அலைந்த டாஸின், சின்ன பட்ஜெட்டில், பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல் எடுத்த படம். வெயில் அடிக்கும் நாட்களில் தெருவில் படம்பிடிக்க மறுத்தார். அதனால் பாரிஸ் முழுக்க ஈரமும் மூட்டமும்தான். சிறையிலிருந்து வெளியே வந்த டோனி, இருமிக்கொண்டு, சீட்டாட்டத்தில் கடைசிக் காசையும் விட்டுவிட்டு, நகைக்கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறான். கூட்டாளிகள் மூன்று பேர்.

இந்தப் படத்தின் புகழ் அந்தக் கொள்ளைக் காட்சியில் இருக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு வார்த்தை பேச்சு இல்லை, பின்னணி இசையும் இல்லை. இசையமைப்பாளர் ழோர்ழ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதிக்கொண்டுவந்தார். இசையோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை டாஸின் போட்டுக்காட்டினார். வேண்டாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டார். மேல்மாடி வீட்டின் தரையை உளியால் கொத்துகிறார்கள். அதிர்வு பட்டாலே அலறும் அலாரம் கீழே இருக்கிறது. ஒரு விரல்கடை அளவு துளை விழுந்ததும், மடக்கிய குடை ஒன்றை அதற்குள் தலைகீழாக இறக்கி, கீழே போனதும் விரிக்கிறார்கள். இனி எவ்வளவு கொத்தினாலும் காரை அந்தக் குடைக்குள் விழும், தரையில் சத்தம் கேட்காது. அப்புறம் கயிறு கட்டி இறங்கி, தீயணைப்பான் நுரையை அலாரப் பெட்டிக்குள் அடித்து அதன் வாயை அடைக்கிறார்கள். நெற்றி வியர்வை, கைக்கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே மெல்ல வெளுக்கும் வானம். ஒரு தச்சரோ கொத்தனாரோ வேலை செய்வதைக் குழந்தை பார்த்துக்கொண்டே நிற்குமே, அப்படித்தான் நாமும் பார்ப்போம். சில நாடுகளில், திருடர்களுக்குப் பாடம் எடுக்கிறது என்று சொல்லிப் படத்தைத் தடை செய்தார்கள்.

பாட்டும் பின்னணி இசையும் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்காது என்று நாம் நம்புகிற ஆட்களை வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் சப்டைட்டில் படிக்கவே மறுக்கும் ஒரு பெரியவர் அந்த அரை மணி நேரமும் காபியைக் கையிலேயே வைத்திருந்தார். கொள்ளைக் காட்சி முடிந்ததும் அவர் கேட்டது, "யாரு முதல்ல உளறப் போறான்?" விதி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த பத்தியில் கதை கொஞ்சம் உடையும், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். பெட்டகம் திறக்கும் இத்தாலியன் சேசர் ஒரு மோதிரத்தைத் தனியாக எடுத்து இரவு விடுதிப் பாடகிக்குக் கொடுத்துவிடுகிறான். அங்கே நூல் பிடிக்கும் எதிர்க் கும்பல் அவனிடம் வந்து சேர்கிறது. பயத்தில் ஒரு கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறான். பிறகு விடுதியின் பின்புறம், தூணில் கட்டிவைக்கப்பட்ட சேசரை டோனி கண்டுபிடிக்கிறான். நீ எனக்குப் பிடித்தவன், ஆனால் விதி உனக்கே தெரியும் என்கிற தொனியில் இரண்டு வார்த்தை. சேசர் தலையாட்டுகிறான். சேசராக நடித்திருப்பது டாஸினேதான், வேறு பெயரில். நடிக்க வேண்டியவர் வர முடியாமல் போனதால் தானே செய்தார். பெயர் சொன்னவர்களால் நாடும் தொழிலும் இழந்த மனிதர், பெயர் சொன்னவனின் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு சுடப்படுகிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது உடம்பு சில்லிட்டுவிடும். அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு டாஸினுக்கும் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. படத்தின் ஆரம்பத்தில், தான் சிறையில் இருந்தபோது வேறு ஒருவனோடு போய்விட்ட பெண்ணை டோனி பெல்ட்டால் அடிக்கும் காட்சி இருக்கிறது. கேமரா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அடிப்பவனைப் படம் நாயகனாகவே வைத்துக்கொள்கிறது. அந்தக் காலத்துப் படம் என்று சொல்லி இதை விழுங்க எனக்கு முடிவதில்லை. பார்க்கப் போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி 'கிரிஸ்பி'. இங்கே கொள்ளை படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஓர்லி விமான நிலையத்தில் தங்கக் கட்டிகளைத் தூக்கியது மாக்ஸும் அவன் கூட்டாளி ரித்தோனும்தான் என்பது ஊருக்குத் தெரியாது. பத்திரிகையில் செய்தியாக மட்டும் வருகிறது. இனி பொறுமையாக விற்றுவிட்டு ஒதுங்கிவிட வேண்டியதுதான். ஆனால் ரித்தோன், ஆடல் விடுதிப் பெண் ஜோசியிடம் பெருமைக்காகச் சொல்லிவிடுகிறான். ஜோசியாக வருவது அப்போது பெரிய பெயர் எடுத்திராத ழான் மோரோ. ஜோசி போதைப்பொருள் விற்கும் ஆஞ்சலோவிடம் சொல்கிறாள். ஆஞ்சலோ, மல்யுத்த வீரராக இருந்த லினோ வென்துராவின் முதல் படப் பாத்திரம். நடிப்புப் பயிற்சி எதுவும் இல்லாதவர், உள்ளே வந்து நின்றால் அறை சின்னதாகிவிடும்.

எல்லாம் தெரிந்தபின் மாக்ஸ் என்ன செய்கிறான்? ரித்தோனைத் தன் ரகசிய ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போகிறான். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒயின் பாட்டிலைத் திறக்கிறான். மொறமொற ரொட்டித் துண்டுகளையும் இறைச்சி விழுதையும் எடுத்து மேசையில் வைக்கிறான். இரண்டு பேரும் கத்தியால் தடவித் தடவித் தின்கிறார்கள். மெல்லும் சத்தம் கேட்கிறது. அதற்கு நடுவே, உன் வயசுக்கு இந்தப் பெண்கள் பின்னால் அலைவது தேவையா, கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைப் பார்த்தாயா என்று சாவதானமாகக் கேட்கிறான். பிறகு போர்வை, தலையணை, மடித்த பைஜாமா, பல் துலக்கும் பிரஷ். ரித்தோன் பல் துலக்குகிறான்; கண்ணாடியில் தன் கன்னத்தை இழுத்துப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு தாதாக்கள் பைஜாமா போட்டுக்கொண்டு தூங்கப் போகிறார்கள். குற்றப்படத்தில் இதற்கு என்ன வேலை என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டிருந்தால் நியாயமான கேள்விதான். பெக்கர் அவசரமே படாமல் எல்லாவற்றையும் காட்டுகிறார். இந்தச் சில நிமிடங்களில் இருபது வருடப் பழக்கம் நமக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்து ஆஞ்சலோ ரித்தோனைப் பிடித்துவைத்துக்கொண்டு, தங்கத்தைக் கொடுத்துவிட்டு ஆளைக் கூட்டிப்போ என்று சொல்லும்போது, மாக்ஸ் மனசுக்குள் அவனைத் திட்டித் தீர்க்கிறான். இவனால் எனக்கு இத்தனை வருடமும் தொல்லைதானே என்று. திட்டிக்கொண்டே என்ன செய்வான் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

மாக்ஸாக ழான் கபேன். போருக்கு முன் பிரான்ஸின் தலையாய நட்சத்திரம். ஹாலிவுட் போய், பிறகு சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சண்டை போட்டு, தலை நரைத்துத் திரும்பியபோது ரசிகர்கள் மறந்திருந்தார்கள். பத்து வருடத் தேக்கத்தை உடைத்தது இந்தப் படம். வெனிஸ் விழாவில் நடிகர் பரிசும் வந்தது. அந்தக் களைப்பு நடிப்பு இல்லை என்பதால்தான் முகத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறது. போன் நம்பரைச் சுழற்ற மூக்குக்கண்ணாடி எடுத்து மாட்டிக்கொள்கிற தாதாவை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். ழான் வீனேர் அமைத்த அந்த மவுத்ஆர்கன் மெட்டு ஜூக்பாக்ஸில் ஒலிக்கும்போதெல்லாம் என்னமோ செய்கிறது.

இதிலும் பெண்களை அறைவது உண்டு, கேட்பாரில்லை. படம் நெடுக வசனம் இருப்பதால் சப்டைட்டில் வேலை 'ரிஃபிஃபி'யை விடக் கூடுதல். முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடக் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். துப்பாக்கிச் சண்டை கடைசியில், இரவு நேரத்து நாட்டுப்புறச் சாலையில், ஒரே ஒரு தடவை. அது வரும்போது நன்றாகவே வருகிறது.

என் தீர்ப்பு இது. தனியாக, அல்லது ஒரே ஒரு நெருங்கிய நண்பரோடு பார்ப்பதென்றால் 'கிரிஸ்பி'. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிற இந்தப் படத்தில், பிரெஞ்சு நுவார் எதைப் பற்றிக் கவலைப்படுகிறதோ அது முழுக்க இருக்கிறது: வயது, களைப்பு, வாய் விட்ட நண்பன், அவனைக் கைவிட முடியாத முட்டாள்தனம். ஹாலிவுட்டில் இதற்கு நேர் ஜோடி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 'ரிஃபிஃபி' அதைவிடக் கெட்டியாகக் கட்டப்பட்ட படம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தவர்கள் குடையைப் பற்றித்தான் பேசுவார்கள். 'கிரிஸ்பி' பார்த்தவர்கள் அந்த இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேசுவார்கள்.

நான்கு பேர் கூடி உட்கார்ந்து பார்ப்பதென்றால், ஃபிலிம் சொசைட்டியில் திரையிடுவதென்றால், 'ரிஃபிஃபி'தான். அந்த அரை மணி நேர அமைதியைத் தனியாக அனுபவிப்பது வேறு. அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. சினிமா எடுக்கிற ஆசையில் இருக்கும் இளைஞர் கேட்டால் மாலின் படத்தைச் சொல்வேன், தெருவும் இரவும் கொஞ்சம் துணிச்சலும் போதும் என்று அது தைரியம் கொடுக்கும். பழைய படம் என்றாலே உற்சாகமாகிறவருக்குக் கார்னே.

இரண்டாவது படம் எது என்பது முதல் படத்தில் எது பிடித்தது என்பதைப் பொறுத்தது. ரித்தோனும் மாக்ஸும் பிடித்திருந்தால் க்ளோத் சோத்தேயின் 'கிளாஸ் தூ ரிஸ்க்' (1960) போங்கள். அங்கே லினோ வென்துரா ஓடி ஒளியும் தகப்பனாக, இரண்டு பிள்ளைகளோடு வருகிறார். கூட இளம் பெல்மோந்தோ. குடையும் உளியும் பிடித்திருந்தால் பெக்கரின் கடைசிப் படம் 'லெ த்ரூ' (1960), சாந்தே சிறையிலிருந்து சுரங்கம் தோண்டும் கதை. 1947இல் அந்தத் தப்பிக்கும் முயற்சியில் உண்மையிலேயே இருந்த ஒருவரே அதில் நடித்திருக்கிறார். டெலோனை மூன்றாவது இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'லெ சாமுராய்' பிடித்துப்போனால் கையோடு 'லெ செர்க்ல் ரூழ்' (1970) இருக்கிறது, அது இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், மறுநாள் விடுமுறையாகப் பார்த்துப் போடவும். எந்தப் படமானாலும் ஆங்கில டப்பிங் பிரதியைத் தொடாதீர்கள். கபேனின் அந்தக் கரகரத்த குரல் இல்லாமல் 'கிரிஸ்பி' பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.